துவாக்குடி மனையும் தூண் மேல் ரயிலும்

திருவெறும்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சொந்த ஊர் பாபநாசம், கேட்டிருக்கிறார்: துவாக்குடி தாண்டி ஒரு மனை பார்த்திருக்கிறாராம். திருச்சிக்கு லைட் மெட்ரோ வருகிறது, துவாக்குடியில் முடியும், பிறகு தஞ்சாவூர் வரை நீட்டிப்பார்கள், விலை இரண்டு மடங்காகும் என்று தரகர் சொல்கிறாராம். லைட் மெட்ரோ என்றால் என்ன, அது வருமா, நீட்டிப்பு நடக்குமா, சென்னைப் பறக்கும் ரயில் மாதிரி ஆகிவிடாதா என்று நான்கு கேள்வி.

தம்பி, அவசரமாக இருந்தால் இந்த ஒரு வரி போதும்: மனை பிடித்திருந்தால் வாங்குங்கள், ரயிலுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பொறுமை இருந்தால் மேலே படியுங்கள். எனக்குத் தூண்கள்தான் தொழில். கும்பகோணத்துக்காரன். 1990-களின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் பைல், அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் கால், போடும் வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். பிறகு இங்கே வந்து பாலங்கள். இப்போது தஞ்சாவூரில் ஓய்வாக உட்கார்ந்து, மற்றவர்கள் கட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘லைட்’ என்றதும் இலேசான பெட்டி, தகரத்தில் செய்தது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எடையைப் பற்றிய சொல் இல்லை அது. 1972-இல் அமெரிக்க அரசின் போக்குவரத்துத் துறையினர், டிராமின் வாரிசாக வந்த வண்டிக்குப் பெயர் தேடியபோது வைத்தது. மெட்ரோ அளவுக்குக் கூட்டம் இல்லாத தடத்தில் ஓடுகிற ரயில், அவ்வளவுதான் பொருள். தரையில் ஓடினாலும் லைட் ரயில்தான், தூண் மேல் ஓடினாலும் லைட் ரயில்தான்.

கூட்டத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. நாள் முழுக்க எத்தனை பேர் போனார்கள் என்பதல்ல. காலை நெரிசலில், ஒரே திசையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஓர் இடத்தைக் கடக்கிறார்கள் என்பதுதான். மத்திய அரசு 2019-இல் ‘மெட்ரோலைட்’ என்று ஒரு தர வரையறை வெளியிட்டது. மூன்று பெட்டி, ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 300 பேர். பென்சிலை எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 12 வண்டி, 3,600 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று விரட்டினாலும் 9,000 பேர். டவுன் பஸ்ஸில் நின்று வருபவர்களையும் சேர்த்து 60 பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த 3,600 பேருக்கு மணிக்கு 60 பஸ் வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று. சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அந்த எண் மலைப்பாக இருக்காது. துவாக்குடிக்கு வெளியே நின்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது நீட்டிப்பு. உங்கள் கேள்வியில் உயிர் இருப்பது அங்கேதான். அதற்கு மூன்று ஊர்க் கதை சொல்ல வேண்டும்.

கனடாவில் ஒரு ரயிலை உருவாக்கினார்கள். அதில் சக்கரத்தின் வேலை சுமப்பது மட்டும். பெட்டிக்கு அடியில் மின்காந்தச் சுருள் இருக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே நெடுக ஓர் அலுமினியப் பட்டை படுத்திருக்கும். வீட்டு மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி, பாயைப் போல நீளமாக விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் வண்டியை முன்னே இழுத்துக்கொண்டு போகும். சக்கரம் வழுக்குமோ என்ற கவலை இல்லாததால் நல்ல ஏற்றத்திலும் ஏறும், இறுக்கமான வளைவிலும் திரும்பும். பெட்டி சிறியது, அதனால் தூணும் ஒல்லி. இந்த ரயிலை டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் 1985 மார்ச்சிலும், வான்கூவரில் 1985 டிசம்பரிலும், கோலாலம்பூரில் 1998 செப்டம்பரிலும் திறந்தார்கள். மூன்று ஊருக்கும் ஏறக்குறைய ஒரே சாமான்தான். நடந்தது வேறு வேறு.

வான்கூவரில் முதல் பாதை நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில், ஃபிரேசர் ஆற்றங்கரையில் வந்து நின்றது. ஆறு நம் கொள்ளிடத்துக்குக் குறையாத ஆறு, வருஷம் முழுக்கத் தண்ணீர் வேறு. அக்கரையில் சர்ரே என்ற ஊர் வளர்ந்துகொண்டிருந்தது. 1990-இல் ரயிலுக்கு மட்டும் என்று வடங்களில் தொங்கும் ஒரு பாலம் கட்டினார்கள், 616 மீட்டர் நீளம். காரும் போகாது, லாரியும் போகாது. 1994-இல் சர்ரேயின் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2002-இல் மில்லெனியம் பாதை, 2016-இல் எவர்கிரீன் நீட்டிப்பு, இப்போது சர்ரேயிலிருந்து லாங்லி வரை 16 கிலோமீட்டர், எட்டு நிலையம் என்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது முழுக்கத் தூண் மேலேயே. ஒரு நீட்டிப்பில் பழகிய கை அடுத்ததைத் தொடும்.

ஸ்கார்பரோ உங்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கலாம், ஈழத்திலிருந்து போன நம் மக்கள் நிறைந்த இடம். அங்கே முதலில் டிராம் ஓட்டுவதாகத்தான் திட்டம். மாகாண அரசு, தன் நிறுவனம் உருவாக்கிய புது ரயிலை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று மாற்றச் சொன்னது. 6.4 கிலோமீட்டர், ஆறு நிலையம். அதன் ஒரு முனை கென்னடி. அங்கே எல்லாரும் இறங்கி, மாடி மாறி, சுரங்க ரயில் பிடிக்க வேண்டும். மறு முனையிலிருந்து மால்வர்ன் வரை நீட்டிப்பதாகச் சொன்னார்கள். கடைசி வரை நீட்டவில்லை. பனிக்காலத்தில் தண்டவாளத்தில் பனி படிந்தால் வண்டி நின்றுவிடும். பெட்டிகள் கிழடாயின. ஆறு கிலோமீட்டர் பாதைக்காகப் புதுப் பெட்டி வாங்க யாருக்கும் மனமில்லை. 2023 நவம்பரில் மூடுவதாக இருந்தார்கள். ஜூலை 24 அன்றே கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அத்தோடு பூட்டிவிட்டார்கள். தூண் மேல் ரயில் போய், பழையபடி பஸ் வந்தது. இப்போது சுரங்க ரயிலையே அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள்.

கோலாலம்பூர் இரண்டுக்கும் நடுவில். கிளானா ஜெயாவிலிருந்து பசார் செனி வரை 1998 செப்டம்பர் 1, மீதி அடுத்த ஆண்டு ஜூன். மொத்தம் 29 கிலோமீட்டர், ஓட்டுநர் இல்லாத வண்டி. ஊருக்கு வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை, “யாருமே ஓட்டாம எப்பிடிடா போகும்?” என்றாள். அந்த ஊரின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பல இடங்களில் அடியில் சுண்ணாம்புப் பாறை. பாறைக்குள் பொந்து. இங்கே ஒரு துளை போட்டால் பாறை கிடைக்கும். பத்தடி தள்ளிப் போட்டால் கருவி சடக்கென்று கீழே இறங்கும், உள்ளே குகை. கான்கிரீட் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருக்கும். கும்பகோணத்துக் களிமண்ணை அப்போது நான் மரியாதையோடு நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாதையைக் கட்டியது தனியார் நிறுவனம். திறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் ஆசிய நாணய நெருக்கடி. எதிர்பார்த்த பயணிகளும் வரவில்லை. 2002-இல் அரசே எடுத்துக்கொண்டது. கதை அங்கே முடிந்திருக்கலாம். 2006-இல் நீட்டிப்பு அறிவித்தார்கள். இரண்டு பெட்டி வண்டியை 2009 இறுதியில் நான்கு பெட்டியாக்கினார்கள். 2016 ஜூன் 30 அன்று புத்ரா ஹைட்ஸ் வரை 17 கிலோமீட்டர் கூடுதலாகத் திறந்தது. அதில் புத்திசாலித்தனம் எங்கே என்றால், அந்தப் பாதையின் கடைசி நிலையத்துக்கே இன்னொரு லைட் ரயில் பாதையையும் கொண்டுவந்து முடிச்சுப் போட்டதில். நம் பாஷையில் சொன்னால், கடைமடையில் இரண்டு வாய்க்காலைக் கூட்டிவிட்டார்கள். கடைமடைக்காரனுக்கு எந்தப் பக்கமிருந்தும் தண்ணீர் வரும்.

அறிவித்ததிலிருந்து வண்டி ஓட, அங்கேயே பத்து வருஷம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தரகரிடம் சொல்ல உதவும்.

இனி நம் பறக்கும் ரயில். அது லைட் ரயில் இல்லை, முழு அகல ரயில்வே வண்டி. ஆனால் தூண் மேல் போவதாலும், நீட்டிப்பு நீட்டிப்பாக வளர்ந்ததாலும் நமக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பர், திருமயிலை வரை 1997, திருவான்மியூர் வரை 2004 குடியரசு நாள், வேளச்சேரி வரை 2007 நவம்பர். சுமார் 19 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருஷம். பூங்கா நகர் வரை தரையில், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மேலே.

அதைத் திட்டியவர்கள் எல்லாம் நிலையங்களைத்தான் திட்டினார்கள். மாளிகை மாளிகையாகக் கட்டிப் பாதி இருட்டில் கிடக்கிறது, கடை வரும் வாடகை வரும் என்று நினைத்தது வரவில்லை, தனியாகப் பெண் பிள்ளைகள் படியேறப் பயப்படுகிறார்கள் என்று. எல்லாம் உண்மை. ஆனால் நோயின் வேர் வேறிடத்தில். பாதையை மக்கள் போகிற வழியில் போடாமல், நிலம் சும்மா கிடந்த வழியில் போட்டார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் அரசு நிலம், கையகப்படுத்தும் தலைவலி இல்லை. கால்வாய்க்குள்ளேயே தூண் இறங்கியது. நீரோடும் வழியில் தூண் நட்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டம் அண்ணா சாலையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது, ரயில் கால்வாயோரமாகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. மயிலாப்பூரோடு நின்ற ஆறு வருஷமும் அப்படித்தான்.

திருவான்மியூருக்கு நீண்டபோது நிலைமை மாறியது. 2000-இல் டைடல் பார்க் திறந்து, அந்தப் பக்கம் கணினி வேலை வந்து குவிந்திருந்தது. தூணும் அதேதான், வண்டியும் அதேதான். சேர்ந்த இடம்தான் புதிது.

பிறகு அந்த ஐந்து கிலோமீட்டர். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை. 2008-இல் வேலை ஆரம்பித்தது. இடையில் புழுதிவாக்கம், ஆதம்பாக்கம். பரங்கிமலையில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன, இதுவும் போய்ச் சேர்ந்தால் மூன்றும் ஒரே இடம். ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு நிலம் கிடைக்காமல் வழக்கு, இழப்பீடு, மறுபடி வழக்கு என்று தூண்கள் அந்தரத்தில் நின்றன. பதினைந்து வருஷத்தைத் தாண்டி இழுத்தது. என் மகள் தரமணியில் வேலைக்குப் போன புதிதில், கும்பகோணத்தில் இரவு ரயில் ஏறுவாள். விடியுமுன் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை. அங்கிருந்து வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோ. பிறகு பறக்கும் ரயிலில் இரண்டு நிறுத்தம். முந்நூறு கிலோமீட்டர் தூங்கிக்கொண்டே வந்தவள், அந்த ஐந்து கிலோமீட்டருக்கு இருட்டில் நின்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பாள். நீட்டிப்பு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

சரி, திருச்சி. சென்னை மெட்ரோ நிறுவனம் வழியாக அரசு கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்தது உண்மை. திருச்சிக்கு இரண்டு தடம் சொன்னார்கள்: சமயபுரத்திலிருந்து வயலூர், துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூர். இரண்டும் சேர்த்துச் சுமார் 45 கிலோமீட்டர். உங்கள் தரகர் காட்டும் வரைபடம் அதிலிருந்து வந்தது, அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சாத்தியக்கூறு ஆய்வு என்பது பெண் பார்க்கப் போவது மாதிரி. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்ததைக் கல்யாணம் என்று சொல்லக்கூடாது. விரிவான திட்ட அறிக்கை, மாநில ஒப்புதல், மத்திய ஒப்புதல், கடன், நிலம் என்று இன்னும் வாசற்படி நிறைய.

அதில் மத்திய வாசற்படி உயரமானது. 2017 மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக வைக்கிறது. அதைக் காட்டித்தான் 2025 நவம்பரில் கோவை, மதுரைத் திட்டங்களையே திருப்பி அனுப்பினார்கள். அது சரியா தவறா என்பது வேறு சண்டை. 2011 கணக்கை வைத்து 2025-இல் ஓர் ஊரை அளப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் திருச்சி நகரத் தொகுதிக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது பத்து லட்சத்துச் சொச்சம். கோவைக்கே திறக்காத கதவு நமக்கு மெட்ரோ என்ற பெயரில் திறக்காது. லைட் ரயில் என்ற பெயரில் போனால் பேச இடமிருக்கிறது.

போகலாமா என்றால், என் கருத்தில் ஒரு தடத்துக்குப் போகலாம். சமயபுரம், திருவானைக்கோயில், சத்திரம், ஜங்ஷன் என்று வடக்குத் தெற்காக வரும் தடம். ஏனென்றால் அங்கே இரண்டு ஆறு குறுக்கே கிடக்கிறது. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 கடைசியில் சில மாதம் மூடினார்களே, ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். ஆறு இருக்கும் ஊரில் எல்லா வழியும் பாலத்தின் வாயில் வந்து முட்டும். அந்த இடத்தில்தான் நான் சொன்ன நிமிடத்துக்கு ஒரு பஸ் கணக்கு பலிக்கும். ஆற்றில் தூண் என்றால் அடிமண் அரிப்புக்குக் கணக்குப் பார்த்து ஆழம் போக வேண்டும். 1928-இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம். அதில் போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள், புண்ணியம். தண்ணீர் அடித்துப் பாலம் விழுவதாக நினைக்கிறோம். தூணைச் சுற்றி மணல் சுரண்டப்பட்டுத்தான் விழுகிறது. மேலே மணலை அள்ளினால் சுரண்டல் இன்னும் சீக்கிரம் நடக்கும். இதைச் சொல்ல ஆரம்பித்தால் பதில் வேறு பக்கம் போய்விடும்.

துவாக்குடித் தடம்தான் உங்களுடையது. அதில் தூண் இறங்க வேண்டிய அகலமான வழி தஞ்சாவூர் சாலைதான். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்குச் சர்வீஸ் ரோடு கேட்டு எத்தனை வருஷமாகப் போராட்டம் என்று திருவெறும்பூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இடம் கொடுக்க முடியாது என்று கடைக்காரர்கள், இடமே வேண்டாம் மேலே உயர்மட்டச் சாலை போடுங்கள் என்று இன்னொரு பக்கம். அந்த உயர்மட்டச் சாலை முதலில் வந்துவிட்டால் ரயில் தூணுக்கு இடமிருக்காது. நாக்பூரில் வார்தா சாலையில் 3 கிலோமீட்டருக்குக் கீழே சாலை, நடுவில் மேம்பாலச் சாலை, அதற்கு மேல் மெட்ரோ என்று ஒரே தூணில் அடுக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்வதென்றால் இரண்டு துறையும் முதல் நாளே ஒரே மேசையில் உட்கார வேண்டும். நம் ஜங்ஷன் அரிஸ்டோ மேம்பாலத்தின் ஒரு கை, ஓர் ஏக்கருக்கும் குறைவான ராணுவ நிலத்துக்காக வருஷக்கணக்கில் நீட்டிய கையாகவே நின்றது ஞாபகம் இருக்கிறதல்லவா?

இன்னொன்று. நிலப் பிரச்சினையைத் தவிர்க்க உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோடு போய்விடலாமே என்று யாராவது ஒரு நாள் சொல்வார்கள். சொன்னால் பக்கிங்ஹாம் கால்வாயைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் 2025-இல் திறந்தது தெரியும். வெளியூர் பஸ் எல்லாம் அங்கே போனபின், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் ஊருக்குத் தெற்கே இறங்கிச் சத்திரத்துக்கு டவுன் பஸ் தேடுகிறார். ஆக பஞ்சப்பூர்–ஜங்ஷன்–சத்திரம் தடம் முன்பைவிட இப்போது கனமாகிவிட்டது. ஆய்வில் சொன்ன இரண்டு தடத்திலிருந்தும் ஆளுக்குப் பாதியை வெட்டி ஒட்டினால் வருகிற தடம் அது. நான் முடிவெடுப்பவனாக இருந்தால் பஞ்சப்பூரிலிருந்து சமயபுரம் வரை ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை அப்புறம் பார்ப்பேன். நான் முடிவெடுப்பவன் இல்லை.

தஞ்சாவூர் வரை நீட்டிப்பு? வேண்டாம் என்பதே என் பதில், வராது என்பது அதற்கு அடுத்தது. லைட் ரயில் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் போட்டுப் போகும். நின்று நின்று போவதால் சராசரி வேகம் மணிக்கு 30, 35 கிலோமீட்டர் வந்தால் பெரிது. திருச்சி–தஞ்சை 50 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் நம் ஊர்ப் பஸ் போய்ச் சேர்ந்து, ஓட்டுநர் டீ குடித்துவிடுவார். துவாக்குடிக்கும் வல்லத்துக்கும் நடுவே ஏறி இறங்க ஆள் எத்தனை? அங்கே தூண் நடுவது மேட்டு நிலத்துக்கு ஏற்றம் இறைப்பது போல.

அந்தத் தூரத்துக்கு ஏற்கெனவே ஒரு பாதை கிடக்கிறது. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குப் போட்ட பாதை, நாட்டின் பழைய பாதைகளில் ஒன்று. இப்போது பொன்மலை–தஞ்சை இரட்டைப் பாதை, மின்சாரமும் உண்டு. திருச்சிக்குள்ளேயே எண்ணுங்கள்: திருவெறும்பூர், பொன்மலை, ஜங்ஷன், பாலக்கரை, கோட்டை, டவுன், ஸ்ரீரங்கம். பல ஊர்கள் ஏங்குகிற அளவுக்கு நிலையங்கள். இதில் எட்டுப் பெட்டி மெமு வண்டியை, அதாவது குறுந்தூர மின்சாரப் பாசஞ்சர் ரயிலை, அரைமணிக்கு ஒன்று விட்டால், தஞ்சாவூரிலிருந்து வருபவர் திருவெறும்பூரில் இறங்கி வேலைக்குப் போகலாம், ஸ்ரீரங்கத்தில் இறங்கிச் சேவிக்கலாம். நிலம் வாங்க வேண்டாம். தூண் வேண்டாம். இடைவெளி விட்டுவிட்டு வரும் பாசஞ்சர் வண்டியை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது என்பதுதான் இன்றைய குறை.

உங்கள் பாபநாசம் இன்னும் கொஞ்சம் சிக்கல். தஞ்சையிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வரை 70 கிலோமீட்டர் அளவுக்கு ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டிக்காக ஒரு வண்டி ஏதாவது நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு வண்டி விடக் கணக்கு இடம் கொடுக்காது. டெல்டாவுக்கு ரயில் விஷயத்தில் எதையாவது கேட்பதென்றால் அந்த இரண்டாவது தண்டவாளத்தைத்தான் கேட்க வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போட்ட பாதையை 1980-களில் மூடியது இன்னும் அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆறவில்லை. இருக்கிற பாதை போனால் திரும்ப வராது என்பதை அவர்கள் அனுபவித்தவர்கள்.

கும்பகோணத்துக்கு, தஞ்சாவூருக்கு உள்ளேயே தூண் மேல் ரயில் வேண்டும் என்று பேசுகிறவர்களும் உண்டு. கூட்டக் கணக்கை விடுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டவே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று சட்டம். இந்த வட்டங்களை வரைந்தால் பெரிய கோயிலைச் சுற்றி எவ்வளவு மிஞ்சும்? சட்டத்தையும் விடுங்கள். சாலைக்கு மேலே பாலம் போட்டால் கீழே ஐந்தரை மீட்டர் உயரம் விடுவார்கள், அதாவது பதினெட்டு அடி. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. தேரோடுகிற வீதிக்கு நம் முன்னோர் வானம் வரை பாத்தியதை எழுதி வைத்திருக்கிறார்கள். கரண்டுக் கம்பியையே கழற்றித்தானே தேர் இழுக்கிறோம்.

கடைசியாக மனை. தரகரின் வரைபடத்தில் நிலையம் என்று புள்ளி வைத்திருந்தால், சர்வே எண்ணோடு அரசாணை காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார். நகர் ஊரமைப்புத் துறையின் டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா, முப்பது வருஷ வில்லங்கம் சுத்தமா, பட்டா யார் பேரில், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, இவை நான்கும்தான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். துவாக்குடியில் தொழிற்பேட்டை இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது, நான்குவழிச் சாலை இருக்கிறது. அந்த மனைக்கு விலை இருப்பதற்கு அதுவே போதும். சாலையை ஒட்டி, முகப்பில், ‘மெட்ரோ வந்தா வாசல்லயே நிக்கும்’ என்று ஒரு மனையைக் கூடுதல் விலைக்குக் காட்டினால் அதை மட்டும் தொடாதீர்கள். ரயில் வராவிட்டால் கூடுதலாகக் கொடுத்தது போச்சு. வந்தால், ஆதம்பாக்கத்து 500 மீட்டர்க்காரர்களைப் போல இழப்பீட்டுக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்பீர்கள். உள்ளே தள்ளி, திருவெறும்பூர் ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில் ஏதாவது கிடைக்குமா என்று ஒருமுறை பாருங்கள்.